தேரையைத் தின்று பிழைக்கும் பாம்புகள்: செனோடான் ஓர் அறிமுகம்

தேரையை வாயில் கவ்விய நாய்க்குட்டி அதைச் சட்டென்று துப்பிவிட்டு, நுரை தள்ளத் தலையை உதறிக்கொண்டு நிற்பதைக் கிராமத்தில் வளர்ந்த பலர் பார்த்திருப்பார்கள். தேரைக்குக் கடிக்கப் பல் கிடையாது. கீற நகமும் கிடையாது. தவளை மாதிரி நீண்ட தாவலில் தப்பிக்கவும் அதற்கு வராது. ஆனாலும் பெரும்பாலான விலங்குகள் அதை ஒருமுறை சுவைத்தால் மறுமுறை கிட்டே போவதில்லை. காரணம், அதன் தோலில் இருக்கும் நஞ்சு.

அந்த நஞ்சுத் தோலோடு, தலை முதல் கால் வரை, தேரையை முழுசாக விழுங்கி வாழ்கிற பாம்புக் கூட்டம் ஒன்று தெற்கு மெக்சிகோவில் தொடங்கி மத்திய அமெரிக்கா, அமேசான் காடு, பிரேசில், பராகுவே, உருகுவே வழியாக அர்ஜென்டினா வரை பரவியிருக்கிறது. அதன் அறிவியல் பெயர் செனோடான். ஒரு விலங்கு நஞ்சைத் தின்று எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு உயிரியலில் கிடைக்கிற அழகான பதில்களில் ஒன்று இந்தப் பாம்புகளிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். பாம்பைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் பின்தொடரும்படி அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். செனோடான் என்பது ஒரு தனிப் பாம்பின் பெயர் அல்ல, ஒரு பேரினத்தின் பெயர். ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த, நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து உயிரியலாளர்கள் பேரினம் என்கிறார்கள். அறிவியல் பெயரில் முதலில் வருவது பேரினம், அடுத்து வருவது இனம். செனோடான் மெர்ரெமி, செனோடான் செவெரஸ், செனோடான் ராப்டோசெஃபலஸ் என்று இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் இனங்கள் உண்டு. இவற்றில் செவெரஸ் என்ற அமேசான் பாம்புக்கு, இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1758-இல் பெயர் வைத்துவிட்டார். செனோடான் என்ற பேரினப் பெயரைப் போயே என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1826-இல் உருவாக்கினார்.

பழைய புத்தகங்களைப் புரட்டினால் கொஞ்சம் குழப்பம் வரும். தென்னமெரிக்காவில் மண்ணைத் தோண்டுவதற்கு வசதியாக மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சில பாம்புகள் இருக்கின்றன. இவற்றை லிஸ்ட்ரோஃபிஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்திருந்தார்கள். மெர்ரெமி பாம்புக்கும் வாக்ளரோஃபிஸ் என்ற தனிப் பேரினம் கொடுத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இவை எல்லாமே செனோடான் கிளைக்குள்ளிருந்து முளைத்தவை என்று தெரிந்தது. பிரேசிலின் ஹுசாம் சாஹேரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2009-இல் எல்லாவற்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆகவே லிஸ்ட்ரோஃபிஸ், வாக்ளரோஃபிஸ் என்று எங்காவது படித்தால் அதுவும் இந்தக் குடும்பத்துக் கதைதான்.

தேரையின் நஞ்சு எப்படி வேலை செய்கிறது

பாம்பைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தேரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலத்தின் பெரிய தேரைகள் ரைனெல்லா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பிரேசிலில் மக்கள் இவற்றை சப்போ குருரு என்பார்கள். கண்ணுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, இரண்டு பக்கமும் தடித்த மேடு ஒன்று தெரியும். அதுதான் பரோட்டாய்டு சுரப்பி. அழுத்தினால் அதிலிருந்து பால் நிறத்தில் கெட்டியான திரவம் கசியும்.

அந்தத் திரவத்தில் பல வேதிப்பொருட்கள் கலந்திருக்கின்றன. அட்ரினலின்கூட இருக்கிறது. அமெரிக்க மருந்தியலாளர் ஜான் ஜேக்கப் ஏபல் வெப்பமண்டலத் தேரையின் சுரப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் எதிரியைக் கொல்வது முக்கியமாக புஃபாடையினோலைடு என்ற வகைப் பொருட்கள். இவை தாக்குவது இதயத்தை.

எப்படி? நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். நரம்பில் செய்தி ஓடுவதும் தசை சுருங்குவதும் இந்த வேலை நிற்காமல் நடப்பதால்தான். புஃபாடையினோலைடு அந்தப் புரதத்தின் வெளிப்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. வெளியே போக வேண்டிய சோடியம் உள்ளேயே தேங்கும். அதனால் இதயச் செல்லுக்குள் கால்சியமும் ஏறிப்போகும். இதயம் முதலில் அளவுக்கு மீறிய வலுவோடு சுருங்கும், பிறகு தாளம் தப்பும், கடைசியில் நின்றுவிடும்.

இந்தப் பம்ப்பைக் குறிவைப்பது தேரை மட்டும் அல்ல. அரளிச் செடியின் நஞ்சும் இதைத்தான் தாக்குகிறது. எருக்கம்பாலில் இருக்கும் நஞ்சும் அப்படியே. இதய நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும் டிகாக்ஸின் மருந்தும் இதே இடத்தில் ஒட்டித்தான் வேலை செய்கிறது. அளவு கொஞ்சம் கூடினால் அந்த மருந்தும் நஞ்சாகிவிடும் என்பதால் மருத்துவர்கள் அதைக் கவனமாகக் கையாள்வார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத செடிகளும் தேரைகளும் தனித்தனியாக இதே பம்ப்புக்கு எதிரான ஆயுதத்தைக் கண்டடைந்திருக்கின்றன. விலங்குகளின் உடலில் இதைவிட அடிப்படையான இலக்கு கிடைப்பது கடினம் என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

பாம்புக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட தேரைகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில், காகங்கள் தேரையை மல்லாக்கத் திருப்பி, நஞ்சுள்ள முதுகைத் தொடாமல் வயிற்றுப் பக்கத்தைக் கிழித்துத் தின்னக் கற்றுக்கொண்டன. அங்குள்ள நீரெலி ஒன்று தேரையின் வயிற்றைக் கிழித்து இதயத்தையும் ஈரலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. பாம்பால் இதெல்லாம் முடியாது. அதற்குக் கையும் இல்லை, இரையைத் துண்டாக்கும் பல்லும் இல்லை. விழுங்கினால் தோலோடும் சுரப்பியோடும் முழுசாகத்தான் விழுங்க வேண்டும். பிறகு அந்த இரை பல நாட்கள் வயிற்றில் கிடந்து கரையும். அத்தனை நஞ்சும் இரத்தத்தில் கலப்பதைத் தவிர்க்க வழியே இல்லை. ஆகவே தேரை தின்னும் பாம்பு நஞ்சை ஒதுக்கிப் பிழைப்பதில்லை. நஞ்சு உள்ளே வந்த பிறகும் தாக்குப்பிடித்துப் பிழைக்கிறது.

பூட்டு மாறினால் சாவி சேராது

அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் பம்ப்பிலேயே அதைக் கண்டார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. சோடியம்-பொட்டாசியம் பம்ப்பின் சங்கிலியில், நஞ்சு வந்து ஒட்டுகிற பகுதியில், 111-ஆவது இடத்திலும் 120-ஆவது இடத்திலும் உள்ள அமினோ அமிலங்கள் தேரை தின்னும் பாம்புகளில் வேறாக இருக்கின்றன. அந்த இரண்டு மாற்றங்களால் பம்ப்பின் வேலை கெடுவதில்லை. ஆனால் நஞ்சு அங்கே சரியாகப் போய்ப் பொருந்த முடியாமல் போகிறது. பூட்டுக்குள் இரண்டு பல்லை மட்டும் மாற்றி வைத்தால் பழைய சாவி உள்ளே போனாலும் திரும்பாது இல்லையா, அப்படி.

இதை நஞ்சு முறிவு என்று சொல்லிவிடக் கூடாது. பாம்பின் உடல் தேரை நஞ்சை உடனே அழித்துவிடுவதாகவோ, எதிர்ப்புப் பொருள் சுரந்து முறிப்பதாகவோ பலர் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது அதுவல்ல. நஞ்சு இரத்தத்தில் இருக்கிறது, சுற்றுகிறது. அது பிடித்துத் தொங்க வேண்டிய இடம்தான் வழுக்கிவிடுகிறது. மழுப்பலாக ‘எதிர்ப்பு சக்தி’ என்று சொல்வதைவிட ‘தாங்குதிறன்’ என்ற சொல் இதற்குப் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த மாற்றம் பாம்புகளின் தனிச்சொத்து அல்ல. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தேரைகளோடு சேர்ந்து வாழும் உடும்புகளிடமும் இதே புரதத்தில், இதே பகுதியில் மாற்றங்கள் இருப்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எருக்கு வகைச் செடிகளைத் தின்று வளரும் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவும் இதே பம்ப்பின் இதே பகுதியைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறது. பட்டாம்பூச்சிக்கும் பாம்புக்கும் பொது மூதாதை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தது. அந்த மூதாதையிடமிருந்து வந்த சொத்தாக இது இருக்க முடியாது. ஒரே சிக்கலுக்கு உயிர்கள் தனித்தனியாக ஒரே தீர்வை எட்டுவதை ஒருங்கு பரிணாமம் என்பார்கள். பம்ப் வேலையும் செய்ய வேண்டும், நஞ்சையும் உதற வேண்டும் என்றால் மாற்றிப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அதனால்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து சேர்கிறார்கள்.

இந்தத் தாங்குதிறன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாதான் சாட்சி. அந்தக் கண்டத்துக்கென்று சொந்தத் தேரைகளே கிடையாது. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935-இல் ஹவாயிலிருந்து ரைனெல்லா மரினா தேரைகளைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் விட்டார்கள். வண்டு ஒழியவில்லை, தேரை பெருகியது. அதைத் தின்ற பாம்புகளும் பெரிய உடும்புகளும் செத்து விழுந்தன. ஆஸ்திரேலியாவின் 49 பாம்பு இனங்கள் இந்தத் தேரையால் ஆபத்துக்கு உள்ளாகலாம் என்று 2003-இல் கணக்கிட்டார்கள். அங்கே தேரையைத் தின்றும் சாகாமல் இருந்த கீல்பேக் பாம்பு ஒன்று உண்டு. நம் ஊர் நீர்ப்பாம்புகளின் உறவு அது. அதன் முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள். தேரைகளோடு வாழ்ந்த காலத்தில் கிடைத்த தாங்குதிறனை, தேரையே இல்லாத நாட்டுக்குப் போன பிறகும் அவர்கள் இழக்கவில்லை.

மடகாஸ்கரில் இதே கதை வேறு தேரையால் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தது நம் வீட்டு வாசலில் மழைக்காலத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசியத் தேரை. கப்பல் சரக்கோடு போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அந்தத் தீவின் 77 விலங்கு இனங்களின் பம்ப் மரபணுவை ஆராய்ந்ததில், ஒரே ஓர் இனத்தைத் தவிர மற்ற எதற்கும் தாங்குதிறன் இல்லை என்று 2018-இல் தெரியவந்தது.

செனோடான் பாம்புகளின் பெருமை இந்த மரபணு மாற்றத்தோடு முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அப்படி இல்லை. பல பாம்பு இனங்களின் மரபணுக்களை வரிசையாக ஒப்பிட்ட 2016 ஆய்வு ஒன்று, தேரையே தின்னாத பல பாம்புகளிடமும் இதே மாற்றம் இருப்பதைக் கண்டது. அதாவது மாறிய பம்ப் இருந்தால் தேரை தின்னலாம். ஆனால் தேரையையே நம்பி வாழ அது மட்டும் போதாது. எப்போதாவது ஒரு தேரையைத் தாங்குவது வேறு, வாழ்நாள் முழுவதும் அதையே தின்பது வேறு.

அந்தக் கூடுதல் என்ன என்பதற்கு ஒரு தடயம் அட்ரினல் சுரப்பி. தேரையை விரும்பித் தின்னும் வட அமெரிக்க ஹெடெரோடான் பாம்புகளில் இந்தச் சுரப்பி மற்ற பாம்புகளோடு ஒப்பிடும்போது மிகப் பெரிதாக இருப்பதை ஸ்மித், வைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1955-இல் எழுதினார்கள். இந்தச் சுரப்பியின் ஹார்மோன்கள் உடலின் உப்புச் சமநிலையையும் இதயத்தையும் கவனித்துக்கொள்பவை. தேரை நஞ்சு கெடுப்பதும் அவற்றைத்தான். நஞ்சு ஒரு பக்கம் இழுக்க, ஹார்மோன் மறுபக்கம் இழுத்துச் சரிக்கட்டுகிறது என்ற விளக்கம் நம்பும்படியாக இருக்கிறது. மரபணு ஒரு கவசம் என்றால் உடலியல் இன்னொரு கவசம்.

வாய்க்குள் நடப்பது

நஞ்சு மட்டுமே தேரையின் தற்காப்பு அல்ல. பாம்பு பிடித்ததும் தேரை நுரையீரலில் காற்றை நிரப்பி உடலை உப்பவைத்துக்கொள்ளும். விழுங்க வந்த பாம்பின் வாய்க்குள் அது நுழையாமல் சிக்கிக்கொள்ளும். சின்னத் தலையுள்ள பாம்பு கொஞ்ச நேரம் போராடிவிட்டு விட்டுவிட வேண்டியதுதான்.

செனோடான் பாம்புகளின் மேல்தாடையில், பின்கோடியில், மற்றப் பற்களைவிட மிகப் பெரிய இரண்டு பற்கள் ஒவ்வொரு பக்கமும் நிற்கும். நல்லபாம்பு, விரியன் போன்றவற்றின் நச்சுப்பல்லில் நஞ்சு ஓடுவதற்குக் குழாய் உண்டு. இவற்றின் பல்லில் குழாயும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் அந்தப் பல்லைத் தாங்கும் தாடை எலும்பு குட்டையானது, அசையக்கூடியது. வாயைத் திறந்து இரையைக் கவ்வும்போது எலும்பு சுழன்று, பின்னால் படுத்திருந்த பல் முன்னோக்கி நிமிரும். விரியன் பாம்பு பல்லை நிமிர்த்தும் முறைக்கு இது மிக நெருக்கம். விரியனோ வேறு குடும்பம், அதன் பல் முன்வாயில் இருக்கிறது. இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டு பாம்புகளில் ஒரே மாதிரிச் சுழலும் எலும்பு இருப்பதைப் படித்தபோது எனக்கு மண்டையோட்டுப் படங்களைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பல் எதற்கு? உப்பிய தேரையின் நுரையீரலைக் குத்திக் காற்றை இறக்குவதற்கு என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பல பிரபலப் புத்தகங்களில் இதை அப்படியே உறுதியாக எழுதியிருப்பார்கள். நான் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வழுக்கும் பெரிய இரையை விடாமல் பிடித்து, வலது தாடை இடது தாடை என்று மாறி மாறி உள்ளே இழுப்பதற்கும், உமிழ்நீரை இரையின் சதைக்குள் செலுத்துவதற்கும் இந்தப் பற்கள் உதவுகின்றன என்று வாதிடுகிறவர்களின் பக்கமும் வலுவானது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். உமிழ்நீர் என்றேனே, அது வெறும் எச்சில் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வருகிற மிதமான நச்சுத் திரவம். மனிதர்களைக் கடித்தால் அந்த இடத்தில் வலியும் வீக்கமும் வரும். இரத்தம் கொஞ்ச நேரம் கசியும்.

இரை தேடும் நேரமும் கவனிக்கத்தக்கது. தேரைகள் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. இந்தப் பாம்புகள் பகலில் திரிகின்றன. கல்லுக்குள் தேரை என்று நாம் சொல்வது அங்கேயும் உண்மைதான். பகலில் தேரை கல்லடியிலும் வேர் இடுக்கிலும் மண் பொந்திலும் அசையாமல் பதுங்கியிருக்கும். பாம்பு நாக்கை நீட்டி வாசனையைப் பிடித்துக்கொண்டே போய் அது தூங்கும் இடத்திலேயே பிடித்துவிடுகிறது. மூக்கு வளைந்த இனங்கள் மணலைத் தோண்டியே எடுக்கும். தெற்கு பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா கடற்கரை மணல்மேடுகளில் வாழும் செனோடான் டோர்பிக்னி இதில் கெட்டிக்காரப் பாம்பு. எல்லா இனமும் தேரையை மட்டுமே தின்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெர்ரெமி தவளைகளையும் பிடிக்கும். மூக்கு வளைந்தவற்றில் சில இனங்கள் பல்லி வகைகளையும் ஊர்வனவற்றின் முட்டைகளையும் சேர்த்துத் தின்னும்.

இதே தொழிலுக்கு வந்த பாம்புகள் உலகின் வேறு மூலைகளிலும் உண்டு. மேலே சொன்ன ஹெடெரோடான் வட அமெரிக்காவில். ஆப்பிரிக்காவில் காஸஸ் என்ற சிறு விரியன்கள். ஆசியாவில் ராப்டோஃபிஸ் பேரினம். இந்த ராப்டோஃபிஸ் ஒருபடி மேலே போய், ஜப்பானில் வாழும் ஓர் இனத்தில், தின்ற தேரையின் நஞ்சையே எடுத்துக் கழுத்துச் சுரப்பிகளில் சேமித்து வைத்துத் தன்னைத் தாக்க வருபவர்கள் மேல் பயன்படுத்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் பச்சை நிறக் கீல்பேக் பாம்பும் இதே ராப்டோஃபிஸ்தான். அதற்கும் தேரை என்றால் விருப்பம். மிரட்டினால் கழுத்தைத் தட்டையாக்கிக்கொண்டு எழும். செனோடானோடு அதற்கு நெருங்கிய உறவு எதுவும் இல்லை, உணவுதான் ஒன்று.

ஜராராக்கா மாதிரித் தெரிவது

கழுத்தைத் தட்டையாக்குவது செனோடான் பாம்புகளின் அடையாளமே ஆகிவிட்டது. மெர்ரெமி பாம்பைப் பிரேசிலில் போய்பேவா என்பார்கள். பழங்குடித் துப்பி மொழியில் தட்டைப் பாம்பு என்று பொருள். சீண்டினால் கழுத்தையும் உடலின் முன்பகுதியையும் பட்டையாக விரித்து, தலையை முக்கோணமாக்கி, சீறிக்கொண்டு பாயும்.

அந்த நேரத்தில் பார்த்தால் அது அச்சு அசல் ஜராராக்காதான். ஜராராக்கா என்பது போத்ராப்ஸ் பேரினத்தைச் சேர்ந்த கொடிய குழிவிரியன். பிரேசிலில் நடக்கும் பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை போத்ராப்ஸ் பாம்புகளால்தான். செனோடானின் பல இனங்கள் நிறத்திலும் முதுகுக் கோலத்திலும் அந்தந்தப் பகுதியின் போத்ராப்ஸை ஒத்திருக்கின்றன. அமேசானில் ஒரு விதம், அட்லாண்டிக் மழைக்காட்டில் ஒரு விதம். கோஸ்டாரிக்காவில் குழிவிரியனின் பெயர் டெர்சியோபெலோ. அங்கே ராப்டோசெஃபலஸ் பாம்பைப் ‘போலி டெர்சியோபெலோ’ என்றே மக்கள் அழைக்கிறார்கள்.

ஆபத்தில்லாத விலங்கு ஆபத்தான விலங்கின் தோற்றத்தைக் கொண்டு தப்பிப்பதை பேட்ஸ் ஒப்புமை என்பார்கள். ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் 1848 முதல் 1859 வரை அமேசானில் தங்கிப் பட்டாம்பூச்சிகளைச் சேகரித்தபோது இதைக் கண்டார், 1862-இல் வெளியிட்டார். கொத்திப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் பருந்துக்குப் போத்ராப்ஸ் தரும் பாடம் கொடியது. அதனால் அந்தக் கோலத்தைக் கண்டாலே விலகிப் போகும் பறவைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த அச்சத்தின் நிழலில் செனோடானும் பிழைத்துக்கொள்கிறது. பகலில், திறந்த வெளியில், வயிறு நிறையத் தேரையோடு மெதுவாக ஊர்ந்து போகும் பாம்புக்கு இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தேவை என்று யோசித்தால் தோற்றத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

பேரினத்தின் இன்னொரு பிரிவு வேறு ஆளின் வேடம் போடுகிறது. புல்கெர், செமிசிங்க்டஸ் போன்ற மூக்கு வளைந்த இனங்கள் சிவப்பு, கறுப்பு, வெள்ளை வளையங்களோடு கொடிய நஞ்சுள்ள பவளப்பாம்பை ஒத்திருக்கின்றன. மிரட்டினால் இவை தலையை உடலுக்கடியில் ஒளித்துக்கொண்டு வாலைச் சுருட்டித் தூக்கிக் காட்டும். பவளப்பாம்புகளும் அப்படித்தான் செய்யும். ஒரே பேரினத்துக்குள் ஒரு கிளை விரியனைப் போலவும் இன்னொரு கிளை பவளப்பாம்பைப் போலவும் ஆகியிருப்பது பாம்பு உலகில் அபூர்வம்.

பருந்தை ஏமாற்றும் இந்தத் தோற்றம் மனிதர்களிடம் எதிர்மாறாக வேலை செய்கிறது. பிரேசில் விவசாயிக்கு முற்றத்தில் சீறும் போய்பேவா ஜராராக்காவாகத்தான் தெரியும். மண்வெட்டி எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜராராக்கா கடித்தால் சதை அழுகும், இரத்தம் உறையாமல் கசியும், சிறுநீரகம் கெடும், மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கும். அவர் அஞ்சுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. சாவோ பாவ்லோ நகரில் 1901-இல் தொடங்கிய புட்டாந்தான் நிறுவனம் இந்த அச்சத்தைப் புரிந்துகொண்டே வேலை செய்தது. அதன் முதல் இயக்குநர் வைட்டல் பிரேசில், விவசாயிகள் பாம்புகளைக் கொல்லாமல் பிடித்து ரயிலில் அனுப்பினால் பதிலுக்கு நச்சுமுறி மருந்து தரும் ஏற்பாட்டைச் செய்தார். எது நச்சுப் பாம்பு, எது இல்லை என்று மக்களுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதும் அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

வேறுபாடுகள் படத்தில் பார்த்தால் தெளிவானவை. போத்ராப்ஸின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். இரையின் உடல் வெப்பத்தை அது உணரும். செனோடானுக்கு அந்தக் குழி கிடையாது. போத்ராப்ஸின் கண்பாவை செங்குத்துக் கீற்று, செனோடானுக்கு வட்டம். குழிவிரியனின் தலை உச்சியில் பொடிப்பொடியான செதில்கள். செனோடானின் தலையில் பெரிய தகடுகளாக ஒழுங்காக அடுக்கியிருக்கும். உடல் செதில்களைத் தொட்டால் குழிவிரியனுடையது நடுமுகட்டோடு சொரசொரப்பாகவும் செனோடானுடையது வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் கண்பாவையைப் பார்க்கிற தூரம் என்பது கொத்துகிற தூரமும்தான். தென்னமெரிக்காவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்து, தலையை முக்கோணமாக்கிச் சீறும் ஒரு பாம்பு எதிர்ப்பட்டால், அதை ஜராராக்கா என்றே எடுத்துக்கொண்டு நாலடி பின்வாங்கி, பெரிதாக்கும் லென்ஸில் படம் எடுத்து, பிறகு உட்கார்ந்து செதிலை எண்ணிக்கொள்ளலாம். கடி பட்டுவிட்டால் இந்த அடையாளங்களை வைத்து நீங்களே முடிவு செய்யாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.